ஆச்சிக்கு டப்பிங் கிடையாது

லென்ஸ் சத்தம் போடுமா என்றால், போடும். எடுக்கும்போது நம் காதில் விழாது. வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தால்தான் கேட்கும். பேசுகிறவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து 'விர்ர்... டிக்... விர்ர்' என்று ஒரு வண்டு உள்ளே புகுந்திருக்கும். அந்த வண்டைப் பற்றித்தான் இன்றைக்கு.

ஹைதராபாத்தில் பொட்டி தட்டும் நம்ம மக்கள் நிறையப் பேரிடம் இப்போது மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. ஸ்கந்தகிரி கோயிலில் காதுகுத்து, ரவீந்திர பாரதியில் பரதநாட்டியம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று எடுப்பதற்கும் குறைவில்லை. "வீடியோவுக்கு சத்தம் போடாத லென்ஸ் எது பாஸ்?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. பம்பாய், மெட்ராஸ், ஹைதராபாத் என மூன்று ஊரும் அதில் வருகின்றன. கதை தெரிந்தால் பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்துவோம்.

ஊமைப் படமும் ஓட்டைச் சத்தமும்

சினிமா பிறந்து முதல் முப்பது வருஷம், கேமரா போடும் சத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. 1895ல் லூமியே சகோதரர்கள் பாரிஸில் காட்டியதும், 1896 ஜூலையில் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் காட்டப்பட்டதும் ஊமைப் படங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஃபிலிம் ஓடும், பல்சக்கரம் கடகடக்கும். பதிவாவது படம் மட்டும்தானே, கடகடத்தால் என்ன?

அந்தக் காலத்தில் நம்ம ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தீரேந்திரநாத் கங்குலி என்ற வங்காளி, நிஜாம் அரசின் கலைப் பள்ளியில் வேலை பார்த்தவர். பிறகு கல்கத்தாவில் சினிமா எடுத்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் மறுபடி இங்கே வந்து லோட்டஸ் ஃபிலிம் கம்பெனி தொடங்கினார். 1924ல் 'ரஸியா பேகம்' என்ற படத்தைத் திரையிட்டார். முஸ்லிம் அரசியின் காதல் கதை. நிஜாமுக்குக் கோபம் வந்து, மனுஷர் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஊமைப் படத்துக்கே இந்தக் கதி, பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ :-)

கேமராவைப் பெட்டியில் அடைத்தார்கள்

1927ல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. படம் பேச ஆரம்பித்ததும் கேமராவின் வாயை அடைக்க வேண்டியதாகிவிட்டது. மைக் நடிகருக்கும் கேமராவுக்கும் வித்தியாசம் பார்க்காதே, இரண்டையும் சேர்த்தல்லவா பிடிக்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? கேமராவையும் கேமராக்காரரையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்து, முன்னால் கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டார்கள். ஸ்டுடியோ விளக்குச் சூட்டில், காற்று இல்லாத பெட்டிக்குள் உட்கார்ந்து அந்த மனுஷர் வேர்த்து ஊற்றிக்கொண்டே படம் எடுக்க வேண்டும். பெட்டி நகராது, அதனால் கேமராவும் நகராது. ஊமைப் படக் காலத்தில் ஓடியாடித் திரிந்த கேமரா, பேசும் படம் வந்ததும் இருந்த இடத்திலேயே கட்டுண்டு போனது.

நம் ஊரில் இன்னும் வேடிக்கை. ஆர்தேஷிர் இரானி எடுத்த 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14ல் வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படம். பம்பாயில் அந்த ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் ஒரு வசனத்தை முழுசாகப் பேசி முடிக்கவிடாமல் ரயில் வந்துவிடும். அதனால் ரயில் ஓய்ந்த பின் நடுராத்திரியில் படப்பிடிப்பு, மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்து வசனம்.

அதே வருஷம் அதே இரானியின் கம்பெனியில் ஹெச்.எம்.ரெட்டி எடுத்ததுதான் 'காளிதாஸ்'. 1931 அக்டோபர் 31ல் மெட்ராஸில் வெளியானது. தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். இன்றைக்கு செகந்திராபாத்தில் நம் வீடுகளில் அம்மா தமிழில் கேட்டால் பிள்ளை தெலுங்கில் பதில் சொல்கிறதே, அந்த ஏற்பாடு 1931லேயே வந்துவிட்டது பாருங்கள் :-)

கம்பளி போர்த்தினார்கள், பிறகு குரலையே கழற்றினார்கள்

பெட்டி சரிப்படாது என்று தெரிந்ததும், கேமராவுக்கு மட்டும் பஞ்சும் உலோகமுமாக ஓர் உறை செய்து மாட்டினார்கள். அதற்கு பிளிம்ப் என்று பெயர். 1934ல் வந்த மிச்செல் பிஎன்சி கேமராவில் முதல் எழுத்து பி, அந்த பிளிம்ப்தான். உறையே உடம்பாகச் சேர்ந்து வந்த கேமரா. சத்தம் அடங்கியது, ஆனால் எடை ஏறிவிட்டது. ஸ்டுடியோவுக்குள் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளலாம், வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஓடுவதற்கு வந்தது ஜெர்மனியின் ஆரிஃப்ளெக்ஸ், 1937ல். கையில் பிடிக்கும் எடை. உள்ளே சுழலும் கண்ணாடி ஒன்று உண்டு, அதனால் லென்ஸ் பார்ப்பதையே கேமராக்காரரும் பார்க்கலாம். ஒரே குறை, தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அதன் பிற்கால வடிவமான ஆரிஃப்ளெக்ஸ் 2சி நம் நாட்டு வெளிப்புறப் படப்பிடிப்புகளில் பல பத்தாண்டு உழைத்தது. அந்தச் சத்தத்துக்கு நம்மவர்கள் கண்ட தீர்வு ரொம்ப சுலபமானது. அங்கே பதிவாகும் குரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு குளுகுளு அறையில் உட்கார்ந்து மறுபடி பேசிக்கொள்ளலாம். அதாவது டப்பிங்.

டப்பிங் வந்ததும் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆனது. மோகனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். கமல் படங்களைத் தெலுங்கில் பார்த்தால் பல இடங்களில் பேசுவது எஸ்.பி.பி. நாமும் கூச்சமே இல்லாமல் ரசித்தோம். 1972ல் ஆரியே சத்தம் குறைந்த 35பிஎல் கேமராவைக் கொண்டுவந்தும் நம் பழக்கம் மாறவில்லை. 2001ல் 'லகான்' படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்தபோது அது ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. பேசும் படம் வந்து 70 வருஷம் கழித்து, நடிகர் அந்த இடத்தில் பேசியதை அப்படியே கேட்பது நமக்கு அதிசயமாகிவிட்டது!

சினிமாவுக்கு அது கட்டுப்படியாகும். வீட்டுக்கு?

வீட்டில் நடந்தது வேறு கதை

1986 வாக்கில் சித்தப்பா சவூதியிலிருந்து வந்தபோது டூ-இன்-ஒன் ஒன்று கொண்டுவந்தார். அதில் எங்கள் ஆச்சி, அவள் குடும்பம் சிலோனிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் திரும்பிய கதையைச் சொல்லியிருக்கிறாள். 45 நிமிஷம், கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க. நடுவில் ஓரிடத்தில், "ஏல, இந்தப் பொட்டி என்னத்துக்கு இப்படி முனங்குது?" என்று கேட்பாள்.

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. மைக் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, கேசட்டைச் சுற்றும் மோட்டாரும் அதே பெட்டிக்குள். ஆச்சி நாலடி தள்ளி, மோட்டார் நாலு அங்குலம் தள்ளி. யார் குரல் ஓங்கும்? அதுவும் போதாதென்று ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. பேச்சு ஓங்கும்போது குறைக்கும், பேச்சு நின்றால் ஏற்றிவிடும். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொள்ள நிறுத்தும் இடத்தில் எல்லாம் அந்த மோட்டார் பெரிதாகக் கேட்கும்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலைக் குறைத்துப் பார்த்தேன். கேசட் மோட்டாரின் முனகல் ஒரே சீராக இருப்பதால் ஓரளவு போகிறது. ஆனால் கூடவே ஆச்சியின் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல் ஆகிவிடுகிறது. லென்ஸ் வண்டு இதைவிடப் பொல்லாதது. அது சீராக முனகாது. விட்டுவிட்டு வரும், நினைத்தபோது வரும், பேச்சோடு பேச்சாகப் பின்னிக்கொள்ளும். பிரித்தெடுப்பது கஷ்டம். மோகனுக்கு சுரேந்தர் கிடைத்தார். ஆச்சிக்கு யார் இருக்கிறார்கள்?

லென்ஸுக்குள் மோட்டார் வந்த கதை

ஆட்டோஃபோகஸ் கடைக்கு வந்தது 1977ல், கோனிகா சி35 ஏஎஃப் என்ற சின்ன கேமராவில். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரிய திருப்பம் 1985ல் வந்த மினோல்டா 7000. இதில் மோட்டார் கேமராவின் உடம்புக்குள் இருந்தது. ஒரு சின்னத் தண்டு வெளியே நீட்டி, ஸ்க்ரூ டிரைவர் போல லென்ஸைத் திருகும். 'கர்ர்ர்க்' என்று ஊருக்கே கேட்கும். (அந்த ஆட்டோஃபோகஸ் தொழில்நுட்பத்துக்காக ஹனிவெல் கம்பெனி வழக்குப் போட்டு, 1992ல் மினோல்டா 12 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது தனிக்கதை.)

1987ல் கேனன் வேறு வழியில் போனது. ஈஓஎஸ் என்ற புது வரிசை, மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும். பழைய லென்ஸ் எதுவும் இதில் மாட்டாது, வைத்திருந்தவர்கள் சாபம் விட்டார்கள். ஆனால் அதே வருஷக் கடைசியில் 300 மிமீ லென்ஸ் ஒன்றில் யுஎஸ்எம் வந்தது. மனிதக் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் வளையம் லென்ஸைத் திருப்பும். பல்சக்கரம் இல்லை, சத்தமும் இல்லை. சரி, பிரச்சினை 1987லேயே தீர்ந்துவிட்டதா?

அங்கேதான் வீடியோ குறுக்கே வந்தது.

2008ல் நிக்கான் டி90, அடுத்து கேனன் 5டி மார்க் 2. போட்டோ கேமராவிலேயே நல்ல வீடியோ. சினிமாக்காரர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். 2011ல் ராம் கோபால் வர்மா 'தொங்கல முட்டா' தெலுங்குப் படத்தை கேனன் 5டி வைத்து ஐந்தே நாளில் எடுத்தார். 2012ல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனன் 7டியில் எடுக்கப்பட்டது. அவர்களுக்கு ஆட்டோஃபோகஸ் தேவையில்லை. ஃபோகஸைக் கையால் திருப்ப ஒருவர், குரலுக்குத் தனி ஆட்கள், மிச்சத்துக்கு டப்பிங். தனியாளாக நின்று மகள் ஆட்டத்தை எடுக்கும் நமக்கு?

இந்த கேமராக்களில் வீடியோ எடுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். ஃபோகஸ் தூரத்தை அளக்கும் கருவி அந்தக் கண்ணாடியை நம்பித்தான் இருந்தது. கண்ணாடி போனதும் அது குருடு. அப்புறம் கேமரா படத்தையே பார்த்து, லென்ஸை முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் ஆட்டி, எங்கே தெளிவு என்று தடவ வேண்டும். வளைய யுஎஸ்எம் ஒரே பாய்ச்சலில் போய் நிற்கப் பழக்கிய குதிரை. அதை அங்குலம் அங்குலமாக நடக்கச் சொன்னால் உதறும், டிக் டிக் என்னும், படமும் துள்ளும்.

கண்ணாடியே வேண்டாம் என்று முதலில் கழற்றிப் போட்டது பானசோனிக் ஜி1, 2008ல். அடுத்த வருஷம் ஜிஹெச்1 வந்தபோது அதனோடு வந்த 14-140 லென்ஸை வீடியோவுக்கென்றே செய்திருந்தார்கள். ஃபோகஸ் சத்தமில்லாமல் நகரும், அப்பர்ச்சரும் படிப்படியாகக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு மாறும். 2012ல் கேனன் எஸ்டிஎம் என்ற ஸ்டெப்பர் மோட்டார் லென்ஸ்களைக் கொண்டுவந்தது. 2013ல் கேனன் 70டி சென்சாரிலேயே தூரம் அளக்கும் வித்தையைக் கொண்டுவர, தடவுவது வெகுவாகக் குறைந்தது. 1929ல் பெட்டிக்குள் வேர்த்து உட்கார்ந்த கேமராக்காரரின் பிரச்சினை, ஒருவழியாக உள்ளங்கை அளவு லென்ஸுக்குள் வந்து தீர்ந்தது. முழுசாகவா என்றால், இல்லை. அதனால்தான் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

ஒரே பெயருக்குள் இரண்டு சத்தம் இருக்கும். கேனன் எஸ்டிஎம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 18-135 எஸ்டிஎம்மில் மோட்டார் ஒரு திருகுத் தண்டை நேராகச் சுற்றும், கிட்டத்தட்ட சத்தமே இல்லை. 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம்மில் பல்சக்கரம் வழியாகப் போகும், வண்டு கேட்கும். டப்பாவில் இரண்டிலும் எஸ்டிஎம் என்றுதான் போட்டிருக்கும். சோனியின் மலிவான 50 மிமீ எஃப்/1.8, 2016ல் வந்தது, பழைய பாணி மோட்டார். படம் அருமை, சத்தமும் தாராளம். அதே சோனியில் 85 மிமீ எஃப்/1.8 லீனியர் மோட்டார், அமைதி. ஃபூஜியில் 2012ல் வந்த 35 மிமீ எஃப்/1.4 முனகும், 2015ல் வந்த 35 மிமீ எஃப்/2 முனகாது.

காரணம் ஒன்றுதான். சில லென்ஸ்கள் ஃபோகஸ் செய்ய உள்ளே இருக்கும் கண்ணாடிகள் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு நகரும். சில லென்ஸ்களில் நடுவில் ஒரே ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் நகரும். பீரோவைத் தள்ளுவதற்கும் நாற்காலியைத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஃபோகஸ் மாறும்போது லென்ஸின் மூக்கு முன்னும் பின்னும் போனால் பீரோ தள்ளுகிறது என்று சந்தேகப்படுங்கள். லீனியர், எக்ஸ்டி, நானோ யுஎஸ்எம், டாம்ரானின் விஎக்ஸ்டி, சிக்மாவின் ஹெச்எல்ஏ என்று பெயர் போட்டவை பெரும்பாலும் நாற்காலி ரகம். நிக்கான் இசட் வரிசையின் ஸ்டெப்பர் லென்ஸ்களும் பொதுவாகச் சாது.

பெயர் எதுவானாலும் கடையில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கோட்டி கடைத்தெருவில் ஆட்டோ ஹார்ன் சத்தத்தில் ஒன்றும் புரியாது. மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோய், கடையின் உள் அறையில், கேமராவின் சொந்த மைக்கில், தொடர் ஃபோகஸ் போட்டு, கிட்டே ஒரு முகம், தூரத்தில் ஒரு முகம் என்று மாற்றி மாற்றி அரை நிமிஷம் எடுங்கள். யாரும் பேச வேண்டாம். வீட்டில் ஹெட்போனில் கேட்டுவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள். ஹும் என்று ஒரு மெல்லிய ரீங்காரம் தொடர்ந்து கேட்டால் அது ஆட்டம் தடுக்கும் வசதியின் சத்தமாக இருக்கலாம். ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது அதை அணைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் மாறும்போது டிக் டிக் என்றால் அது அப்பர்ச்சர்.

இன்னொன்று, லென்ஸ் பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்கி ஒரு சட்டை மைக் வாங்கிவிடுங்கள். கேமரா மைக் பேசுகிறவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி, சட்டை மைக் 20 சென்டிமீட்டரில். பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் குரல் 20 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். வண்டு தானாகப் பின்னால் போய்விடும். ஒலியளவைத் தானியங்கியில் விடாமல் கையால் வைத்தால், மூச்சு வாங்கும் இடத்தில் இரைச்சல் எகிறாது. 'ஆலம் ஆரா'வில் மைக்கை நடிகருக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தார்களே, அதே உபாயம்தான். தொண்ணூறு வருஷம் தாண்டியும் அதைவிடச் சிறந்தது வரவில்லை.

அப்படியானால் அமைதியான லென்ஸ் எதற்கு? எல்லாருக்கும் மைக் மாட்டி உட்கார வைக்க முடியாது. சட்டையில் ஒன்றை மாட்டினாலே எங்கள் அம்மா மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவார், செந்தமிழ் வந்துவிடும். அவியலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே மகளிடம் ஊர்க்கதை சொல்லும்போது வருகிற தமிழ் வேறு. "அங்கன", "இங்கன", "வெரசா வா" எல்லாம் அப்போதுதான் வரும். அந்த நேரத்தில் கேமராவைச் சத்தமில்லாமல் எடுத்து நீட்டத்தான் அமைதியான லென்ஸ் வேண்டும்.

நம் பிள்ளைகள் நன்றாகத்தான் இருப்பார்கள். தெலுங்கு பேசுவார்கள், ஹிந்தி பேசுவார்கள், ஆங்கிலம் சொல்லவே வேண்டாம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார்களா என்பது சந்தேகம். நாம் எழுதி வைப்பது அவர்களுக்கு எட்டாமல் போகலாம், காதில் விழுவது எட்டும். ஆச்சி 'மழை' என்று எப்படிச் சொன்னாள், கோபத்தில் எங்கே இழுத்தாள், சிரிப்பை எங்கே அடக்கினாள் என்பதெல்லாம் குரலில் மட்டும்தான் இருக்கிறது.

மே மாதம் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். வெயில் 42 டிகிரியில் நிற்கும். கடைசியாக ஒரு விஷயம், மக்களே. எந்த லென்ஸைவிடவும் பெரிய சத்தம் நம் வீட்டு ஏர் கூலர்தான். அரை மணி நேரம் அதை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பக்கம் போகாமல் உட்காருங்கள். கொஞ்சம் வேர்க்கும். பெட்டிக்குள் உட்கார்ந்த அந்தக் கேமராக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ..." என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்களும் பேசாமல் இருங்கள்.